எண்பத்தாறு தலையும் ஒரு காலும்

சலூன்காரருக்கு எண்பத்தாறு தலைகள் மனப்பாடம். எந்தத் தலையில் எங்கே சுழி, எதில் எந்த வயதில் விழுந்த தழும்பு, எது இருபது நாளில் காதை மூடும், எது நாற்பது நாள் தாங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். கணக்கு வாத்தியார் இருபத்திரண்டு நாளுக்கு ஒருமுறை. பல் டாக்டர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. தபால்காரர் சம்பளம் வாங்கிய மறுநாள். மருந்துக்கடைக்காரருக்கு முடி என்று சொல்லிக்கொள்ள இருப்பது காதோரம் கொஞ்சம்தான், ஆனால் மாதம் தவறாமல் வந்து முழுக் காசு கொடுத்துவிட்டுப் போகிற தங்கமான மனுஷர். இத்தனை பேருடைய உடம்பைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருந்தவருக்குத் தன் இடது காலைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது.

தெரியாது என்பதும் பொய். தெரிந்துகொள்ள அவருக்கு விருப்பமில்லை. முழங்காலுக்குக் கீழே நரம்பு ஒன்று நீலமாகப் புடைத்து, சுருண்டு சுருண்டு கணுக்கால் வரை இறங்கி ஆறு வருஷமாகிறது. முழுக்கால் சட்டைக்குள்ளே இருப்பது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டார். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரிப்பெடுத்து, ஒரு காசு அகலத்துக்குப் புண்ணாகி, அது ஆறுகிற மாதிரி பாவனை காட்டிவிட்டு மறுபடி வாயைத் திறந்தபோதுதான், அதுவும் மனைவி நச்சரித்து நச்சரித்து, ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது அவர் தொழிலை.

"முடி வெட்றேங்க."

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"அது என்னங்க, ஒரு பதினோரு மணி நேரம், பன்னண்டு மணி நேரம்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தாறு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ரத்தம் மேலே ஏற முடியாமல் காலிலேயே தேங்கி நிற்கிறது, கெட்டுப்போன அந்த நரம்பை மூடிவிட ஆபரேஷன் செய்ய வேண்டும், புண் இருப்பதால் அதற்கப்புறம் மூன்று வாரம் கடைப்பக்கமே போகக்கூடாது என்றார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்ட சலூன்காரர், மூன்று வாரம் என்ற இடத்தில் மட்டும் தலையை நிறுத்திவிட்டார்.

"பத்து நாளாக் குறைச்சுக்க முடியாதுங்களா?"

"இது என்ன காய்கறி வியாபாரமா? இப்படியே நின்னீங்கன்னா புண் எலும்பைத் தொடும். அப்புறம் எத்தனை வாரம்னு நானே சொல்ல முடியாது. அடுத்த திங்கக்கிழமை வந்து படுத்துக்குங்க. அதுவரைக்கும் முடிஞ்ச அளவு உட்கார்ந்து வேலை பாருங்க."

உட்கார்ந்து வெட்டியும் பார்த்தார். ஒரு ஸ்டூலைப் போட்டு அதில் அமர்ந்து, மர ஆசாரி ஒருவருக்கு வெட்டினார். கீழே இருந்து பார்த்தால் உச்சி தெரியாது. ஆசாரி எழுந்து கண்ணாடியில் இரண்டு பக்கத்தையும் பார்த்து, "ரசமட்டம் வெச்சுப் பார்த்தா இடது பக்கம் அரை அங்குலம் இறக்கமா இருக்கே" என்றார். நின்றுகொண்டு சரிசெய்து கொடுத்ததோடு ஸ்டூல் மூலைக்குப் போனது.

மூன்று வாரம் சம்பாத்தியம் இல்லாவிட்டால் பட்டினி கிடக்கிற குடும்பமில்லை அது. மனைவி ரொட்டிக் கடையில் கல்லாவில் இருந்தாள், அவள் சம்பளம் வாடகைக்கும் வயிற்றுக்கும் போதும். அவரைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. நேரெதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், இன்னொரு சலூன் இருந்தது.

எதிர்க்கடைக்காரர் வந்து ஒன்பது வருஷம். ஒன்பது வருஷத்தில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டையெல்லாம் கிடையாது, ஆரம்பத்தில் யார் முதலில் சிரிப்பது என்று காத்திருந்தார்கள், அந்தக் காத்திருப்பே பழகிப்போய்விட்டது. தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று வெட்டினாலும் சலூன்காரருக்கு முன்னாலிருந்த பெரிய கண்ணாடியில் எதிர்க்கடை முழுசாகத் தெரியும். அங்கே எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே வெட்டுவார். அந்த மனுஷரும் தன் கண்ணாடியில் இதையேதான் செய்துகொண்டிருந்தார் என்பது இவருக்கு நன்றாகத் தெரியும்.

"மூணு வாரம் ஷட்டர் மூடிக் கிடந்தா அத்தனை பேரும் அங்கே போயிடுவாங்க. போனவன் திரும்பி வருவானா?" என்றார் மனைவியிடம்.

"ஏங்க, போனா போறாங்க. கால் போனா வருமா?"

"தலை போனா கால் எதுக்கு?"

"என்னமோ நாட்டை ஆள்ற மாதிரி பேசறீங்க. மூணு வாரம் முடி வெட்டலைன்னா யாரும் செத்துட மாட்டாங்க. முடி வளர்றப்போ நீங்க வந்து வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள்.

அவள் சும்மா சொல்லிவிட்டுப் போனதைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷர் அந்த யோசனைக்கு வந்து சேர்ந்தார். முடிவெட்டும் தொழிலில் இருபத்தாறு வருஷம் ஊறியவருக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை அது. மூன்று வாரம் யாருக்கும் முடி வெட்டத் தேவையே இல்லாமல் செய்துவிட்டால்? எதிர்க்கடைக்காரர் வாசலில் கம்பளம் விரித்து வைத்தாலும் வெட்டுவதற்குத் தலையில் ஏதாவது இருந்தால்தானே! திங்கட்கிழமைக்கு முன்னால் எண்பத்தாறு தலைகளையும் ஒட்ட வெட்டிவிட வேண்டும். நாலு வாரத்துக்குக் கத்தரி பிடிக்க இடம் இருக்கக் கூடாது. காதும் காதும் வைத்தாற்போல ஆபரேஷனை முடித்துக்கொண்டால், முடி வளர்வதற்கும் தான் வந்து நிற்பதற்கும் சரியாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே வேலை தொடங்கிவிட்டது. பல் டாக்டர் வழக்கம்போல "லேசா, ஓரம் மட்டும்" என்று சொல்லிக் கண்ணை மூடினார். கண் திறந்தபோது ராணுவத்தில் சேர்ந்திருந்தார்.

"என்னய்யா இது?"

"உங்க முகவெட்டுக்கு இப்படி இருந்தாத்தான் எடுப்பு சார். பத்து வயசு குறைஞ்சு போச்சு."

தபால்காரரிடம் வெயில் வரப்போகிறது என்றார். வெயில் வந்து போய் ஒரு மாதமாகியிருந்தது. மர ஆசாரியிடம், போன தடவை கோணலாகிப்போனதற்குப் பரிகாரமாக இந்தத் தடவை இலவசம் என்றார். வெட்டி பதினொரு நாளே ஆனவர்களைப் போன் போட்டுக் கூப்பிட்டார். "உங்க பின்கழுத்தை நேத்துப் பஸ்ல பார்த்தேன், மனசே சரியில்லை" என்று அவர் சொன்னதை நம்பி நாலு பேர் வந்தார்கள். ஏன், எதற்கு என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் எதிர்க்கடைக்குத் தெரிந்துவிடுமே!

ஒரு தெருவில் திடீரென்று முப்பது நாற்பது பேர் ஒட்ட வெட்டிய தலையோடு நடமாடினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி ரொட்டிக் கடையிலிருந்து வந்ததும் கைப்பையைக் கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"ஏங்க, நம்ம தெருவுல பேன் பரவுதாமே?"

"பேனா? யார் சொன்னா?"

"வர்றவங்க எல்லாரும் அதேதான் பேசறாங்க. பேன் பயங்கரமா பரவுதாம், அதனாலதான் சலூன்காரரே எல்லாரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு மொட்டையடிக்காத குறையா வெட்டி விடறாராம். மருந்துக்கடையில பேன் ஷாம்பூ தீர்ந்து போச்சாம். நீங்க என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

இனிமேல் மறைக்க முடியாது என்று அவர் தன் திட்டத்தைச் சொன்னார். சொல்லும்போது கொஞ்சம் பெருமை கூட இருந்தது. அவள் கேட்டு முடித்து, சோபாவில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்திருந்தது, அது முழுக்கச் சிரிப்பால் வந்ததில்லை. "காலைக் காட்டுங்க" என்றாள். கட்டுத் துணி நனைந்திருந்தது. "நாளையிலேர்ந்து கடைக்குப் போகாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"இன்னும் ரெண்டே நாள்தானே. சனிக்கிழமையோட முடிஞ்சுது."

ஆனால் பேன் பற்றிய பேச்சு அவர் கணக்கில் இல்லாதது. வெள்ளிக்கிழமை காலை ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள். பாதிப் பேர் அவருடைய எண்பத்தாறில் இல்லாதவர்கள். அப்பாக்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லாரும் தலையைச் சொறிந்தார்கள், பேன் இருக்கிறது என்று கேள்விப்பட்டாலே அரிக்குமே. கண்ணாடியில் பார்த்தார். எதிர்க்கடைக்காரர் தன் நாற்காலியில் தானே உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் கூட இந்தப் பக்க வரிசையில்! பேனை எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடித்தவர் கையால் வெட்டிக்கொள்வதுதான் பத்திரம் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். சலூன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பதினான்கு மணி நேரம் நின்றார். சனிக்கிழமையும் நின்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கணக்கு வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தார். எண்பத்தாறில் எண்பத்தைந்தாவது தலை. வலது பக்கத்தை மெஷின் போட்டு முடித்துவிட்டு இடது பக்கத்துக்கு வர ஒரு எட்டு வைத்தபோது செருப்புக்குள் ஈரமாக இருந்தது. தண்ணீர்க் குப்பி சிந்திவிட்டது என்றுதான் நினைத்தார். குனிந்து பார்த்தால் தரையில் வெட்டிக் கிடந்த முடியெல்லாம் சிவப்பாக மிதந்தது. கணுக்காலில் நரம்பு வெடித்து, ரத்தம் குழாய் திறந்த மாதிரி பீச்சிக்கொண்டிருந்தது.

வாத்தியாரைச் சும்மா சொல்லக் கூடாது. கழுத்தில் கட்டியிருந்த துணியை உருவி, சலூன்காரரை அதே நாற்காலியில் சாய்த்து, காலைத் தூக்கிக் கண்ணாடி மேடைமேல் வைத்து, துணியைச் சுற்றி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வரிசையில் நின்ற யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். ஆட்டோவில் போகும்போதும் அவர் பிடியை விடவில்லை. வலது பக்கம் ராணுவம், இடது பக்கம் காதை மூடிய காடு என்று அவர் தலை இருந்த இருப்பைப் பார்த்து ஆட்டோ டிரைவர் இரண்டு தடவை பிரேக்கை மிதித்தார்.

வழியில் சலூன்காரர் முனகிக்கொண்டே எல்லாவற்றையும் வாத்தியாரிடம் கொட்டிவிட்டார். ஆபரேஷன், மூன்று வாரம், எதிர்க்கடை, ஒட்ட வெட்டின ரகசியம் எல்லாம். வாத்தியார் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். தப்பா நினைச்சுக்காதீங்க. முன்னாடி எல்லாரும் ஆளுக்கொரு நாள் வருவாங்க. இப்போ எல்லாருக்கும் ஒரே வாரத்துல, ஒரே அளவா வெட்டிட்டீங்க."

"ஆமா சார்."

"அப்போ எல்லாருக்கும் ஒரே வாரத்துல வளருமே. அத்தனை பேரும் ஒண்ணாத்தானே வந்து நிப்பாங்க?"

ரத்தம் போனபோதுகூட மயங்காத மனுஷர் அப்போதுதான் மயங்கினார்.

ஆபரேஷன் நடந்தது. ஆனால் வெடித்த நரம்பும், பெரிதாகிவிட்ட புண்ணும் சேர்ந்து மூன்று வாரத்தை ஆறு வாரமாக்கிவிட்டன. டாக்டரம்மா திட்டவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. வீட்டில் இரண்டு தலையணைமேல் காலை ஏற்றி வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். முதல் மூன்று வாரம் ஒரு மாதிரி ஓடியது. நாலாவது வாரம் பிறந்ததும் ஆளே மாறிவிட்டார். ஊரில் முடி வளர்கிற சத்தம் அவருக்குக் கேட்க ஆரம்பித்தது.

"இன்னிக்குப் பல் டாக்டரைப் பார்த்தியா? காது தெரியுதா?"

"மறைஞ்சிருச்சுங்க."

"தபால்காரர்?"

"எண்ணெய் வெச்சுப் படிய வாரிட்டு வந்தார்."

மறுநாள் அவர் கேட்காமலே மனைவி சொல்லிவிட்டாள். ரொட்டிக் கடையிலிருந்து வரும்போது பார்த்தாளாம், எதிர்க்கடை வாசலில் வரிசை தெருமுனை வரை நிற்கிறது. பல் டாக்டர் ஆறாவது ஆள். சலூன்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று இரவு சாப்பிடவில்லை. இருபத்தாறு வருஷம் ஒவ்வொரு தலையாகச் சேர்த்து வைத்ததை ஒரே வாரத்தில் ஒட்டுமொத்தமாகக் கட்டி எதிர்க்கடைக்காரரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது, அழுதும் விட்டார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து காலை நீவிக்கொடுத்தாள்.

ஆறு வாரம் முடிந்த திங்கட்கிழமை காலை, கடையைத் திறக்கிற நாள். ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் காலைக் காட்டிவிட்டுப் பத்து மணிக்குக் கடைக்கு வருவதாக ஏற்பாடு. மனைவி லீவு போட்டுவிட்டுக் கடையைக் கூட்டித் துடைக்கப் போயிருந்தாள். டாக்டரம்மா புண் இருந்த இடத்தை அழுத்திப் பார்த்து, "நல்லா மூடியிருக்கு. ஆனா இனிமே ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் நிக்கலாம். அதுவும் இறுக்கமான காலுறை போட்டுக்கிட்டு" என்றார்.

"எத்தனை நாளைக்குங்க?"

"உங்க ஆயுசுக்கும்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பாதி நாள் மூடிக் கிடக்கிற கடைக்கு எவன் வருவான்? மதியத்துக்கு மேல் வருகிறவன் எங்கே போவான்? யோசித்துக்கொண்டே நிமிர்ந்தார். எதிர்ப் பெஞ்சில், இடது கால் சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு எதிர்க்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். காலில் நீலமாக நரம்பு புடைத்து, சுருண்டு, கணுக்கால் வரை இறங்கியிருந்தது.

கண்ணாடி இல்லாமல் அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தார். தன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது.

"எத்தனை வருஷமா?" என்று கேட்டுவிட்டார். ஒன்பது வருஷத்தில் முதல் வார்த்தை அது.

"லேசா இருந்துச்சுங்க, நாலஞ்சு வருஷமா. போன மாசம் உங்க ஆளுங்க எல்லாம் திபுதிபுன்னு ஒண்ணா வந்து விழுந்தாங்க பாருங்க. ஏற்கெனவே என் ஆளுங்களும் பேன்னு சொல்லி உங்ககிட்ட வெட்டிக்கிட்டவங்கதானே, அவங்களுக்கும் அதே வாரம்தான் வளர்ந்து நின்னுச்சு. பன்னண்டு நாள், காலையில நின்னா ராத்திரிதான் உட்காருவேன். அதுல இப்படி ஆயிருச்சு."

"எத்தனை பேர் வந்தாங்க?" வாய்க்கு வெட்கமே இல்லை, கேட்டுவிட்டது.

"நூத்திப் பன்னண்டு. நிறைய பேர் உங்களைப் பத்தித்தான் பேசினாங்க. நான் வெட்டினது பிடிக்கலை போல."

சலூன்காரருக்கு உள்ளுக்குள்ளே ஒரு சந்தோஷம் குபுக்கென்று கிளம்பி, அந்தக் காலைப் பார்த்ததும் அங்கேயே அடங்கியது.

"டாக்டரம்மா ஆபரேஷன் சொல்லுவாங்க. மூணு வாரம் படுக்கணும்" என்றார்.

"அது ஆகாதுங்க. மூணு வாரம் மூடினா எல்லாரும் உங்ககிட்ட வந்துடுவாங்களே" என்றார் எதிர்க்கடைக்காரர். சொல்லிவிட்டு, யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்து, தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை தடவை தானே சொல்லியிருப்போம் என்று சலூன்காரர் நினைத்தார். அடுத்தவர் வாயில் கேட்கும்போது அது எவ்வளவு முட்டாள்தனமாக இருந்தது! கூடவே எவ்வளவு பாவமாகவும் இருந்தது.

"வருவாங்க. வந்தா வெட்டி அனுப்பறேன். நாலு மணி நேரத்துக்கு மேல நான் நிக்கக் கூடாதாம், அதனால நீங்க வந்ததும் பாதிப் பாதியா வெச்சுக்கலாம். காலையில நான் திறக்கறேன். மத்தியானத்துக்கு மேல வர்றவங்களை உங்க கடையைக் காட்டி விடறேன். நீங்களும் காலையில படுத்துக் கிடங்க."

எதிர்க்கடைக்காரர் அவரையே பார்த்தார். "சனிக்கிழமை சாயங்காலம் யாருக்கு?"

"அது பேசிக்கலாம்" என்றார் சலூன்காரர் உஷாராக.

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டார். எதிர்க்கடைக்காரர் எழுந்தார், உடனே போகவில்லை. குரலைத் தணித்துக் கேட்டார். "ரொம்ப வலிக்குமா?"

"சே, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று சொல்ல வாயெடுத்தார். இருபத்தாறு வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். ஏனோ அன்று வரவில்லை. "வலிக்கும். நாலு நாள் நல்லா வலிக்கும். அப்புறம் குறைஞ்சுடும். நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயேதான் இருக்கேன்."

கதவு மூடியதும் போன் அடித்தது. மனைவி.

"எங்கே இருக்கீங்க? மணி பத்தேகால் ஆகுது. வாசல்ல ஆறு பேர் கால் கடுக்க நிக்கறாங்க. பல் டாக்டர் வேற வந்திருக்கார்!"

சலூன்காரர் மூடிய கதவைப் பார்த்தார். காலைத் தூக்கி எதிர்ப் பெஞ்சில் நீட்டிக்கொண்டார்.

"எல்லாரையும் உட்காரச் சொல்லும்மா" என்றார். "நானும் உட்கார்ந்துதான் இருக்கேன்."